முக்கி எடுத்த ஊர்

"என்னடா தயக்கம்? முக்கு!" என்றான் வைத்தீஸ்வரன்.

சுந்தரேசன் படத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி தண்ணீர்த் தொட்டி முன்னால் நின்றான். "இன்னும் ஈரமா இருக்கறாப்பல இருக்கேண்ணா."

"ஈரம் உன் கையிலதான் இருக்கு. கல்கத்தாவிலே முக்காத படத்தை எவன் மதிக்கிறான்? நான் சொல்றேன், முக்கு."

கேட்பவர்கள், ஊர்ப் பையன் மேல் எவ்வளவு கரிசனம் என்று உருகிப் போவார்கள். கரிசனமாவது, கத்திரிக்காயாவது! வைத்தீஸ்வரனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

இருவரும் தஞ்சாவூர்ப் பக்கம். கல்கத்தா பவானிபூரில் ஒரே மெஸ், ஒரே ஓவியப் பள்ளி. வைத்தீஸ்வரன் மூத்த மாணவன். சுந்தரேசன் நேற்று முளைத்தவன்.

துர்கா பூஜைக்கு ஹரிசரண் பாபுவின் கொட்டகையில் ஒரு மாயாஜால நாடகம் மேடையேற இருந்தது. கதை நடப்பது மேகத்துக்கு மேலே இருக்கும் ஓர் ஊரில். அந்த ஊர் எப்படி இருக்கும், ஜனங்கள் என்ன உடுத்துவார்கள், எதில் ஏறிப் போவார்கள் என்று எவன் நன்றாகக் கற்பனை செய்து காட்டுகிறானோ, அவனுக்குத்தான் மேடைத் திரைச்சீலை எழுதும் வேலை.

அது கிடைக்காவிட்டால் வைத்தீஸ்வரனுக்குக் கிளைவ் தெருக் கம்பெனியில் குமாஸ்தா நாற்காலி. மாமா பேசியே முடித்துவிட்டார்.

வைத்தீஸ்வரன் தங்கத் தூண்களும் தாமரைக் குளமுமாக ஓர் அரண்மனை வரைந்தான். குறை சொல்ல முடியாத அரண்மனை. பிறகுதான் பக்கத்துப் பலகையை எட்டிப் பார்த்தான்.

சுந்தரேசனின் ஊரில் யாருக்கும் கனமே கிடையாது. பறந்து போய்விடாமல் இருக்கக் குழந்தைகளின் இடுப்பில் கல்லைக் கட்டியிருந்தார்கள். வீடுகள் கயிற்றில் தொங்கின. பெண்கள் குடத்தைத் தலைக்கு மேலே வீசி, மேல் மேகத்திலிருந்து தண்ணீர் இறைத்தார்கள்.

'இது எனக்கு ஏன் தோன்றவில்லை?' அன்றைக்கு மெஸ்ஸில் ரசம்கூட அவனுக்குக் கசந்தது.

அந்தப் பள்ளியில் அப்போது ஒரு புது வழக்கம். படம் எழுதி, நன்றாகக் காயவைத்து, காகிதத்தோடு தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். காய்ந்த நிறம் தங்கும். பார்வைக்கு ஒரு மென்மை வரும். காயாமல் முக்கினால் அதோகதிதான். ஆவணி மாத ஈரத்தில் நிறம் காயப் பொழுதெல்லாம் ஆகும். சுந்தரேசனோ அன்று காலையில்தான் வானத்துக்கு நீலம் பூசியிருந்தான்.

அது வைத்தீஸ்வரனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

சுந்தரேசன் முக்கினான்.

நீலம் முதலில் கிளம்பிற்று. அதன் பின்னாலேயே கயிறுகள், வீடுகள், பாதி ஜனங்கள் என்று ஊரே தொட்டியில் கரைந்தது.

"அடடா!" என்றது வைத்தீஸ்வரனின் வாய். மனசு பாயசம் குடித்தது.

சுந்தரேசன் திரும்பி அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தான். சொட்டச் சொட்டப் படத்தை எடுத்துப் பலகையில் குத்தினான். வாசலில் ஹரிசரண் பாபுவின் வண்டி வந்து நின்றது.

அப்போதுதான் வைத்தீஸ்வரனுக்குப் பயம் பிடித்தது. இவன் வாயைத் திறந்தால்? அடுத்தவன் படத்தைக் கெடுத்தவனைப் பள்ளியில் வைத்துக்கொள்வார்களா?

பாபு அரண்மனை முன்னால் நின்றார். "நன்றாக இருக்கிறது. ஆனால் போன நாடகத்துக்கு எழுதிய அரண்மனையே என் கொட்டகையில் சும்மா கிடக்கிறது, அப்பா."

அடுத்த பலகைக்கு நகர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வெள்ளை மூட்டத்துக்குள் ஒரு வீடு தெரிந்தும் தெரியாமலும் தொங்கியது. தூக்கிய ஒரு கை. அதற்கு மேலே ஒரு குடம். மற்றதெல்லாம் மேகம்.

"பா, பா! கி ஷுந்தோர்!" என்ன அழகு என்று வங்காளியில் வியந்து பாபு கையைத் தட்டினார். "மேகத்து ஊர் இப்படித்தான் இருக்கும். இவ்வளவு துணிச்சலாக முக்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

வைத்தீஸ்வரன் வாசல் பக்கமாக ஓர் அடி நகர்ந்தான்.

"இவர்தான்" என்று சுந்தரேசன் கை காட்டினான். "எங்க வைத்தி அண்ணா."

பாபு வைத்தீஸ்வரனின் முதுகில் ஓங்கித் தட்டினார். "அப்படியானால் நீயும் வா! உடை, வாகனம், பறவை எல்லாம் இவன் வரையட்டும். நீ பக்கத்தில் இருந்து முக்கிக் கொடு."

பாபு போன பிறகு வைத்தீஸ்வரன் தொட்டிப் பக்கம் வந்தான். நினைத்த வேலை கிடைத்துவிட்டது. ஆனால் தலைதான் நிமிரவில்லை.

"சுந்தரேசா... நான் நல்லதுக்குச் சொல்லலைடா. உன் படம் கெட்டுப் போகணும்னுதான் சொன்னேன்."

"தெரியும்ணா. படம் கரையறச்சே உங்க முகத்தைப் பார்த்தேனே."

"தெரிஞ்சுமா என் பேரைச் சொன்னே?"

சுந்தரேசன் தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே சொன்னான்:

"'யார் கெடுத்தா'ன்னு கேட்பார், நான்தான்னு பொய் சொல்லிடலாம்னு இருந்தேன். அவர் 'யார் சொல்லிக் கொடுத்தா'ன்னு கேட்டுட்டார். நல்லவேளை, பொய் சொல்ல வேண்டி வரலைண்ணா."