இடது காது

ஞாயிற்றுக்கிழமை குத்துச்சண்டை வகுப்புக்கு அம்மா அப்பாவோடு மேகலா வந்திருந்தாள். முதல் நாளே அம்மா இடது கையைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். வலப்பக்கம் திறந்தே கிடந்தது.

“ரெண்டு பக்கமும் மறைங்கக்கா. எதிராளி இடது கையாலயும் அடிப்பான்,” என்றார் மாஸ்டர்.

“அடிக்க மாட்டாரு,” என்றாள் அம்மா, மூச்சு வாங்கியபடி.

மாஸ்டர் சிரித்தார். “எதிராளிக்கு இவ்வளவு மரியாதையா?”

மேகலா திரும்பிப் பார்த்தாள். அப்பா குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

“இப்போ புருஷன் பொண்டாட்டி எதிரெதிரா நில்லுங்க.”

மேகலா முந்திக்கொண்டு அம்மாவுக்கு எதிரே போய் நின்றாள். இடது கையை ஓங்கினாள். அம்மா சிரித்தாள். பிறகு மேகலா வலது கையை மெதுவாகத்தான் உயர்த்தினாள். அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.