இரண்டாவது எஞ்சின்

"ரெண்டு எஞ்சின் பூட்டினாத்தான் தோணி கடலுக்கு" என்று சொன்னவள் அன்னப்பூரணிதான். அதனால் காத்தான்குடியில், உசனார் கடையில், சின்ன எஞ்சின்களை அவளே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். புருசன் கனகசிங்கம் கைகட்டி நின்றான். மனுசனுக்குச் சந்தோசத்தில் கால் தரையில் படவில்லை.

மூத்த மகனைச் சுனாமி கொண்டுபோன பிறகு அவள் கடலின் பேரை எடுக்கவிட்டதில்லை. நிவாரணத்தில் வந்த பெரிய எஞ்சினும் சண்டைக்காலத் தடையால் சாக்குக்குள் கிடந்தது. இப்போது சண்டை முடிந்து தடையும் போய்விட்டது. ஊரே கடலுக்குப் போகும்போது, அவன் மட்டும் அலையில்லாத வாவிக்குள் வலை வீசிக்கொண்டு கிடப்பதா? மாதக்கணக்காகக் கெஞ்சினான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்தானே!

"தங்கச்சி, பெரிசு இடையில நிண்டா இது கரைக்குக் கொண்டு வந்து சேர்க்கும்" என்றார் உசனார்.

"இதத் தனியப் பூட்டினா முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகுமா நானா?" என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் அன்னப்பூரணி.

"அல்லாஹ்வே! அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டுரும். வாவிக்குள்ள எண்டா இதுதான் ராசா."

"அப்ப இதையே தாங்க."

"ஓம் ஓம், துணைக்குத்தானே, இது போதும், காணும்" என்றான் கனகசிங்கம் அவசரமாக. அவள் மனம் மாறுவதற்குள் காரியம் முடிய வேண்டும். "விலை என்ன மாதிரி?"

"அத நான் நானாவோட பேசிட்டன்."

நகையை ஈடு வைத்திருப்பாள், பாவம் என்று அவனுக்கு நெஞ்சு கரைந்தது.

மறுநாள் உசனார் அவர்களுடைய ஊரான பெரியகல்லாற்றுக்கு வேனில் எஞ்சினைக் கொண்டுவந்தார். தோணியின் பின்பலகை நடுவில் பெரிய எஞ்சின் நின்றது. கடல் வலையைக்கூட கனகசிங்கம் ஏற்றி வைத்திருந்தான். உசனார் நேரே போய்ப் பெரிய எஞ்சினின் நட்டில் ஸ்பேனர் சாவியைப் போட்டார்.

"நானா, அது இறுக்கமாத்தான் கிடக்கு. சின்னத ஓரத்தில பூட்டுங்க."

உசனார் சாவியை எடுக்காமல் அன்னப்பூரணியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் சொல்லல்லையா தங்கச்சி?"

"கடலுக்கு ஒருத்தனக் குடுத்தது காணும்" என்றாள் அவள், புருசனிடம். பிறகு உசனார் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கழட்டுங்க நானா. சின்னதுக்கு நான் பேசின விலை அந்தப் பெரிசுதானே."