நூற்றிரண்டு படிகள்

படிக்கட்டுக்கு அடியில் இருந்த மின்பெட்டியைத் திறந்த லிஃப்ட் மெக்கானிக், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

பஞ்சுவின் அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் மேலே இருந்தது.

மேலே பஞ்சு ஓடிக்கொண்டிருந்தாள்.

பின்னால் நான்கு பிள்ளைகள். ஆறாவது மாடிக் கதவை யார் முதலில் தொடுவது என்று தினமும் சாயங்காலம் இதே பந்தயம்.

மூன்று மாதத்துக்கு முன்பு இந்தப் பெண் பன்னிரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். பள்ளி விட்டால் சோபா, செல்போன். ஒன்பது வயதில் ரத்தக்கொதிப்பு. ஓடி விளையாடட்டும், மூன்று மாதம் பார்ப்போம், குறையாவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் சொன்ன அன்று அம்மா லிஃப்டிலேயே அழுதாள். கூட யார் நின்றார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

மறுவாரமே லிஃப்ட் படுத்துக்கொண்டது.

முதல் நாள் பஞ்சு ஆறு இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு மூன்று. பிறகு, மற்ற பிள்ளைகள் அவளுக்கு ஒரு மாடி விட்டுக்கொடுத்து ஓடினார்கள்.

இப்போது விட்டுக்கொடுப்பது அவள்.

இன்று காலை டாக்டர் இரண்டு முறை அளந்து பார்த்தார். மாத்திரை ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார்.

அங்கிருந்தே அம்மா லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தாள். இத்தனை நாள் வேண்டுமென்றே செய்யாமல் இருந்தது அவளை உறுத்தியது. நாலாம் மாடியில் இருக்கும் ரிட்டயர்டு தபால்காரருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. காய்கறிப் பையோடு மாடிக்கு மாடி நின்று, "நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள கத்திரிக்கா முத்திடும்மா" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் தலை குனிந்துகொள்வாள்.

அந்தக் கட்டடத்திலிருந்து இதுவரை ஒரு புகாரும் வரவில்லையே என்றார்கள் கம்பெனியில்.

மேலே கதவில் 'டப்' என்று ஓர் அடி. பஞ்சுதான் முதல்.

நூற்றிரண்டு படி. மூச்சு இரைக்கவில்லை, சிரிப்புதான் இறங்கி வந்தது. தான் பெற்ற பிள்ளைதானா இது என்று அண்ணாந்தபடியே நின்றாள் அம்மா.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார்.

"இது ரிப்பேரே இல்லம்மா. மெயின் சுவிட்ச்ச அணைச்சு வச்சிருக்காங்க. நீங்களே பாருங்க."

சுவிட்சுக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

'பஞ்சுவுக்கு டாக்டர் சரி என்று சொல்லும்வரை யாரும் இதைப் போடக் கூடாது. அவள் அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது.'

கீழே கையெழுத்துகள். முதலாவது தபால்காரருடையது, கோணல்மாணலாக.

அம்மா விரல் வைத்து எண்ணினாள். பன்னிரண்டு வீடுகள் உள்ள கட்டடம். பதினோரு கையெழுத்து.