மடையைத் திற

“மடையைத் திறங்கடா!”

திரையில் கதாநாயகன் கத்தினான். திறந்தது விண்கலத்தின் இரும்புக் கதவு. சுற்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தஞ்சாவூர் தியேட்டரில் மதியக் காட்சிக்கு வந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “அப்படியே எங்க வாய்க்காலுக்கும் விட்றா, குறுவை காயுது!”

ஜெரால்டும் சிரித்தார். மற்றவர்களைவிடச் சத்தமாக.

அந்த வசனத்தை எழுதியவர் அவர்தான்.

வலங்கைமானில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர். பிள்ளைகள் செல்போனில் ஆடும் வீடியோ கேம் ஒன்றை ஆங்கிலத்தில் சண்டைப் படமாக எடுத்திருந்தார்கள். அதற்குத் தமிழில் வசனம் எழுதும் வேலை தெரிந்தவர் மூலம் வந்தது. படத்தைக் காட்டவில்லை, பேச்சை மட்டும் தாள்களில் அனுப்பினார்கள். ‘கேட்’ என்ற ஆங்கிலச் சொல் இருந்த இடத்தில் அவருக்குத் தோன்றியது குடமுருட்டி ஆற்று மடைதான்.

கூட வேலை பார்க்கும் தமிழாசிரியர் முருகையனையும் கணக்கு டீச்சர் மதிவதனியையும், மனைவி விண்ணரசியோடு அவர்தான் அழைத்து வந்திருந்தார். காரணம் சொல்லவில்லை. கடைசியில் பெயர் வரும்போது அவர்களே பார்க்கட்டும் என்று நினைத்திருந்தார்.

இடைவேளைக்குள் பாதி தியேட்டர் காலி.

“கேமா இருந்தா அணைச்சுட்டுப் போயிடலாம்,” என்றார் மதிவதனி, பாப்கார்னை நீட்டியபடி.

“சண்டையை விடுங்க டீச்சர். தமிழ்ல எழுதுனது யாரு? உங்களுக்குத் தெரியுமா, ஜெரால்ட்?” முருகையன் கேட்டார்.

விண்ணரசி கணவரைப் பார்த்தாள்.

“எவனோ ஒருத்தன், ஐயா,” என்றார் ஜெரால்ட். “வாய்க்கால் வரப்பைத் தாண்டாத பயலா இருக்கும். அவனையெல்லாம் எழுத விட்டா இப்படித்தான்.”

“நாங்களும் வாய்க்கால் வரப்புதான் சார். எங்கப்பா மடை திறக்கப் போனாத்தான் எங்க வீட்டுல சோறு,” என்றார் மதிவதனி. “எனக்கு அந்த வார்த்தை பிடிச்சிருந்துச்சு.”

“நீங்க சும்மா பாவப்படுறீங்க டீச்சர். எழுதுனவனுக்கே வெக்கமா இருக்கும்.”

முருகையன் டீயைக் குடித்து முடித்தார்.

படம் ஒருவழியாக முடிந்தது. ஜெரால்ட் உடனே எழுந்தார்.

“கிளம்புவோம் ஐயா. பஸ்ஸு கூட்டமாயிடும்.”

மூவரும் அசையவில்லை.

“எழுத்து ஓடட்டும்,” என்றார் முருகையன்.

“அது என்னத்துக்கு? எல்லாம் இங்கிலீஷ் பேரு.”

“இருக்கட்டும். உக்காருங்க.”

பெயர்கள் நூற்றுக்கணக்கில் ஏறிப் போயின. பெருக்க வந்த அம்மா விளக்குமாற்றோடு வாசலில் காத்து நின்றாள். கடைசியாகத் தமிழில் ஒரு வரி வந்தது.

தமிழ் வசனம்: ம. ஜெரால்ட்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் உறை பிரியும் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். முருகையன் ஒரு பொன்னாடையை உதறிக்கொண்டிருந்தார்.

“விண்ணரசி போன வாரமே எங்ககிட்ட சொல்லிடுச்சு. உங்க வாயால நீங்க சொன்னதும் அங்கேயே போர்த்தணும்னுதான் இடைவேளையில கேட்டேன். எழுந்திருங்க, ஜெரால்ட்.”