ஒண்ணும் பண்ணாது

கேட்டைத் தொட்டதுதான் தாமதம், சங்கிலியை இழுத்துக்கொண்டு நாய் குரைத்த குரைப்பில் தபால் பையோடு வந்தவர் இரண்டடி பின்னால் துள்ளினார்.

"பயப்படாதீங்க சார், ஒண்ணும் பண்ணாது" என்றார் நாற்காலியில் இருந்த வீட்டுக்காரர்.

"தெருவுக்குத் தெரு இதையேதான் சொல்றாங்க. வளர்க்கிறவங்களை ஒண்ணும் பண்ணாதுங்க. தபால் கொண்டு வர்றவன் கதி? கட்டிப் போடச் சொன்னா மட்டும் கோபம் பொத்துக்கிட்டு வருது."

வீட்டுக்காரர் கட்டுப் போட்டிருந்த காலைத் தடவியபடி சிரித்தார். "இதையேதான் சார் நானும் கோர்ட்ல சொன்னேன்."

வந்தவர் அசடு வழிந்தார். தபால்காரரான வீட்டுக்காரரின் அந்தக் காலைக் கடித்தது வந்தவருடைய நாய்தான். தபால்காரரின் காயம் ஆறும்வரை நாய்க்குச் சொந்தக்காரரே தபால் பையைச் சுமக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

"அது போகட்டும். உங்க நாயைக் கட்டிப் போட்டாச்சா?"

"முதல் நாளே கட்டிட்டேன். காக்கிச் சட்டையோட வீட்டுக்குள்ள நுழைஞ்சேன், என்னையே துரத்துச்சு."