பச்சை டை

கணவர் தேவசகாயத்தை அடக்கம் செய்த பிறகு, மூன்று மாதமாக ரூபவதி யாரோடும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. நாத்தனார் ஹெப்சிபாதான் வற்புறுத்தி, அண்ணா சாலையில் ஒரு தியேட்டருக்கு மதியக் காட்சிக்கு அழைத்துப் போனாள். அது பேய்ப் படம் என்பது உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் மழை பெய்யும் ஒரு சர்ச். பாதிரியார் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே சவப்பெட்டியின் மூடி மெல்லத் திறந்தது. உள்ளிருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்து, இந்தக் கண்றாவி டையை யார் கட்டிவிட்டது என்று மனைவியைக் கடிந்துகொண்டார். அரங்கமே உறைந்துபோயிருந்தது. ரூபவதி மட்டும் வெடித்துச் சிரித்தாள்.

"அண்ணி, மெதுவா. எல்லாரும் பாக்கிறாங்க."

"உங்கண்ணன் எந்திரிச்சிருந்தா இதத்தானே மொதல்ல கேட்டிருப்பாரு?"

அடக்கத்தன்று அண்ணனுக்கு ஒரு பச்சை டையைத் தேடி எடுத்துக் கட்டிவிட்டவளே ஹெப்சிபாதான். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து, எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று இருவருக்கும் தெரியவில்லை. இடைவேளையில் விளக்கு எரிந்தபோது ரூபவதி நாத்தனாரின் தோளில் சாய்ந்து விம்மிக்கொண்டிருந்தாள். பின்சீட்டுக்காரர் குனிந்து, "ரொம்பப் பயந்துட்டாங்களா? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்களேன்" என்றார்.

ரூபவதி மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "இந்தப் படத்த எடுத்தவன் நல்லா இருக்கணுங்க. மிச்சத்தையும் பாத்துட்டுத்தான் போவேன்."