தானே நகரும் வண்டி

2024 ஆகஸ்ட் 12 அன்று ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, தன் முன்புறப் புல்வெளிக்குப் பேட்டரியில் ஓடும் புல்வெட்டி வாங்க முடிவெடுத்தது. வெளிநாட்டு ஆடிட்டர்கள் வர ஒரு வாரம் இருந்தது.

சென்னையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த மேனேஜர் ரெனால்ட், தோட்டக்காரர் இன்பத்தின் முன் போனை நீட்டினார். "பாரு, ரோபோ. தானே சுத்தி வெட்டும். உன்ன மாதிரி கத்தரிக்கோல வெச்சிக்கிட்டு நாள் பூரா உக்காந்திருக்காது."

"அப்ப நானு சார்?"

"வேற எடம் பாத்துக்க."

இன்பம் போனில் இருந்த அடுத்த படத்தைச் சுட்டிக் காட்டினார். "இது இன்னா சார்?"

"இதுவும் தானா நகரும். ஆனா பின்னாடி புடிச்சிக்கிட்டு ஒருத்தன் நடக்கணும். தண்டம்."

"ஆடிட்டருங்க ஆளுங்களத்தான சார் போட்டோ எடுக்குறாங்க? யூனிபார்ம், கிளவுஸ், ஷூவோட ஒருத்தன் நடந்தா மார்க்கு ஜாஸ்தி."

ரெனால்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குள்ளயும் மூளை இருக்குதே!"

ஆள் பின்னால் நடக்கும் அந்த வண்டியே வந்தது. வந்த அன்றே இன்பம் அதன் பிளேடைக் கழற்றி ஷெட்டில் வைத்துப் பூட்டினார். போர் தண்ணீரின் உப்பில் புல் மூன்று முறை கருகிப் போய், பழைய மேனேஜர் அங்கே பிளாஸ்டிக் புல் விரித்து இரண்டு வருஷமாகிறது. தூசி தட்டுவதுதான் இன்பத்தின் வேலை, கத்தரிக்கோல் பார்க்கிறவர்களுக்காக. காரைவிட்டு இறங்கி நேராக ஏசி அறைக்குப் போகும் ரெனால்ட் அந்தப் புல்லில் கால் வைத்ததே இல்லை.

புல்வெளிப் பராமரிப்புக்கு ஆடிட்டர்கள் பத்துக்குப் பத்து போட்டார்கள். மறுமாதம் இன்பத்தின் வேலை நிரந்தரமானது.